முதல் டிஸ்டார்ஷன் பெடல்: வாங்குவதற்கு முன்னும் மிதித்த பின்னும்

கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிப் பெட்டிக்கும்) நடுவில் சொருகி, காலால் மிதித்தால் ஒலியைக் கரகரக்க வைக்கும் பெட்டிதான் டிஸ்டார்ஷன் பெடல். நான் முதலில் வாங்கியதில் ஐந்து நாப் (திருகு) இருந்தது. நாப் அதிகமென்றால் பெடலும் உசத்தி என்று அப்போது நினைப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டிரைவை (கரகரப்பின் அளவு) முழுசாகத் திருப்பி, பேஸையும் (அடி ஒலி) ட்ரெபிளையும் (உச்ச ஒலி) ஏற்றி, மிட்டை (நடு ஒலி) அடியோடு இறக்கி வாசித்தால் சுவரே அதிர்ந்தது. அதே செட்டிங்கோடு நண்பர்களின் பேண்ட் ரிகர்சலுக்குப் போனேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசித்தவன் திரும்பிப் பார்த்து, "நீ இன்னும் கேபிளே சொருகலையாடா?" என்று கேட்டான். இரண்டு பாட்டும் நான் கை வலிக்க வாசித்திருந்தேன்.

பெடலில் ஒரு கோளாறும் இல்லை. அதை எங்கே வைத்து, எதைக் கேட்டு, எப்படித் திருப்புவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. முதல் பெடல் வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு "டெமோவில் கேட்ட மாதிரி வரலையே" என்று முழிப்பவர்களுக்கும் இது எழுதியது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. சாதாரணமாக வாசித்தால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட் வாக்கில் வரும். பெடல் முதலில் இதைப் பல மடங்கு பெருக்குகிறது. பிறகு டயோடு என்ற சின்ன உறுப்பை வைத்து, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அலை எழும்பாதபடி உச்சியை வெட்டுகிறது. சிலிக்கான் டயோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் வெட்டும். ஜெர்மேனியம் 0.3 வாக்கிலேயே வெட்ட ஆரம்பித்துவிடும். சிவப்பு எல்இடியை டயோடாகப் போட்டால் 1.7 வோல்ட் வரை விட்டுவைக்கும். தாழ்ந்த கூரைக்குக் கீழே நெட்டையான ஆள் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் நாபைத் திருப்பினால் கூரை உயராது, ஆள்தான் இன்னும் நெட்டையாவான். தலை இடித்துக்கொண்டே இருக்கும்.

உச்சி வெட்டுப்பட்ட அலையில், கம்பி எழுப்பாத புதிய மேல்சுரங்கள் சேர்ந்துவிடும். கரகரப்பும் கடுமையும் அதிலிருந்து வருபவை. இன்னொன்றும் நடக்கிறது, புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் அலை ஒரே கூரையில் முட்டுவதால், சத்த வித்தியாசம் சுருங்கிப்போகிறது. ஒரு சுரம் தேய்ந்து அடங்க நெடுநேரம் எடுக்கும், லீட் (தனி மெட்டு) வாசிப்பவர்கள் விரும்பும் சஸ்டெயின் இதுதான். அதே காரணத்தால் விரல் உரசல், தொடாத கம்பியின் அதிர்வு, பிக்கப் பிடிக்கும் மின்சார ரீங்காரம் எல்லாமே கூடவே மேலே ஏறிவரும். பெடலுக்கு நல்ல சத்தம், கெட்ட சத்தம் என்ற பேதம் கிடையாது.

இந்த வெட்டும் விதத்தை வைத்துத்தான் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்று மூன்று குடும்பம் சொல்கிறார்கள். எல்லைக்கோடு கறாரானதல்ல. கம்பெனிகளே இஷ்டத்துக்குப் பெயர் வைக்கின்றன.

ஓவர்டிரைவில் வெட்டு மழுங்கலாக இருக்கும். மெல்ல அடித்தால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு. 1970களின் இறுதியில் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் இதற்கு இலக்கணம் மாதிரி. அந்தப் பச்சைப் பெட்டி தாழ்ந்த பேஸைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸ் வாக்கில் மிட்டைத் தூக்கிக் காட்டும். டிஸ்டார்ஷனில் வெட்டு கூர்மை. பாஸ் கம்பெனி 1978இல் கொண்டுவந்த ஆரஞ்சு நிற டிஎஸ்-1, அதே காலத்தில் வந்த புரோகோ ராட் இரண்டும் இந்த வகை. ஃபஸ்ஸில் அலை கிட்டத்தட்டச் சதுரமாகவே ஆகிவிடும். 1966இல் வந்த வட்ட வடிவ ஃபஸ் ஃபேஸும், 1969இல் வந்த எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃபும் இந்தக் குடும்பத்தின் பெரியவர்கள்.

மூன்றில் ஃபஸ்தான் மூத்தது, பிறந்ததே ஒரு ரிப்பேரில். 1961 வாக்கில் நாஷ்விலில் ஒரு ஒலிப்பதிவின்போது மிக்ஸிங் மேசையின் ஒரு சானல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் துண்டு கிழிந்த குரலில் பதிவானது. பாட்டு அப்படியே வெளியானது, கேட்டவர்களுக்குப் பிடித்தும் போனது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு சர்க்யூட்டாக வடிவமைக்க, கிப்சன் கம்பெனி அதை 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. அதற்கு முன்பும் பின்பும் ஆட்கள் ஸ்பீக்கரையே குதறிப் பார்த்திருக்கிறார்கள். லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை போட்டார், டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். உங்கள் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள், பெடல் போதும்.

உங்களுக்கு எது

நீங்கள் வாசிக்க ஆசைப்படும் நாலு பாட்டை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ப்ளூஸ், பழைய ராக் என்றால் ஓவர்டிரைவ். பங்க், ஹார்ட் ராக் என்றால் டிஎஸ்-1, ராட் போன்ற டிஸ்டார்ஷன். கிட்டார் ஒலி மேகம் மாதிரி எல்லாவற்றையும் மூடி நிற்க வேண்டுமென்றால் ஃபஸ். மெட்டலுக்கு இரண்டு வழி உண்டு. கெய்ன் (பெருக்கும் அளவு) அதிகமுள்ள டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று. ஏற்கெனவே கரகரக்கும் ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்து, டிரைவை இறக்கி லெவலை (வெளியே போகும் சத்தம்) ஏற்றுவது இன்னொன்று. பின்னது கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அந்தப் பெடல் பேஸை நறுக்கி அனுப்புவதால் ஆம்புக்குள் தாழ்ந்த சுரங்கள் கொழகொழக்காமல் இறுக்கமாக வரும்.

என்னைக் கேட்டால், எதுவும் தெரியாமல் முதல் பெடல் வாங்குபவருக்கு ராட் வகையைச் சொல்வேன். டிரைவைக் குறைத்தால் ஓவர்டிரைவ் மாதிரி, நடுவில் டிஸ்டார்ஷன், முழுசாகத் திருப்பினால் ஏறக்குறைய ஃபஸ். மூன்றே நாப். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதிலுள்ள ஃபில்டர் நாப் வழக்கமான டோன் நாபுக்கு நேர்மாறு, வலப்பக்கம் திருப்பத் திருப்ப ட்ரெபிள் குறையும். தெரியாமல் திருப்பிவிட்டுப் பெடல் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

உங்களிடம் இருக்கும் ஆம்பையும் கணக்கில் எடுங்கள். பழைய ஃபெண்டர் பாணி ஆம்ப்களில் இயல்பாகவே மிட் பள்ளமாக இருக்கும். பிக் மஃபும் மிட்டைக் குழிப்பதுதான். இரண்டையும் சேர்த்தால் பள்ளத்துக்குள் பள்ளம். அதே ஆம்புக்கு டியூப் ஸ்க்ரீமர் கச்சிதமாகப் பொருந்தும், ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது. நல்ல பெடல், கெட்ட பெடல் என்று மக்கள் சண்டை போடுவதில் பாதி இந்தப் பொருத்தம் பார்க்காததால் வருவது.

பல ஒலிகள் ஒரே பெட்டியில் வரும் மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் இருநூறு ஒலிகளைப் புரட்டிப் புரட்டி எதையும் கற்றுக்கொள்ளாமல் இருப்பதும் அதில்தான் சுலபம். மூன்று நாபோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினால் காது வளரும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

சோதிக்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் ஒருவிதமாகவும் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரில் வேறுவிதமாகவும் அதே பெடல் பேசும். முடிந்தால் உங்களுடையதைப் போன்ற ஆம்பில் செருகச் சொல்லுங்கள். விலையுயர்ந்த டியூப் ஆம்பில் தேனாக ஒலித்தது வீட்டுச் சின்ன ஆம்பில் தகரமாகலாம்.

வேகமாக வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒரு ஓப்பன் கார்டை அடித்து நிறுத்துங்கள். ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா, களிமண் மாதிரி ஒட்டிக்கொள்கிறதா? அடுத்து கிட்டாரின் வால்யூமை 10லிருந்து 5க்கு இறக்கி அதே கார்ட். ஒலி தெளிந்தால் அந்தப் பெடல் உங்கள் கைக்குப் பதில் சொல்கிறது என்று பொருள். பிறகு எதையும் வாசிக்காமல் கம்பிகளை மூடிப்பிடித்து, பின்னணி இரைச்சலை மட்டும் கேளுங்கள். கடைசியாக, பெடலை மிதித்தும் அணைத்தும் பாருங்கள். அணைத்த நிலையில் ஒலி மங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கத் தயங்காதீர்கள். பெடல்கள் மிதிபடுவதற்கென்றே செய்யப்பட்டவை, பெயின்ட் உரிந்திருந்தால் குற்றமில்லை. நாபைத் திருப்பும்போது கரமுர என்று சத்தம் வருகிறதா, ஜாக்கில் கேபிளை ஆட்டினால் சிக்னல் அறுகிறதா, பேட்டரிப் பெட்டிக்குள் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இணைப்பது

பெரும்பாலான பெடல்களில் இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் வலப்பக்கம் போக வேண்டும். மாற்றிச் சொருகினால் பெடல் கெடாது, சத்தம்தான் வராது. செருகும்போதும் பிடுங்கும்போதும் ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். பெடலில் கெய்ன் ஏற்றி வைத்திருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் கிளம்பும் 'டொப்' ஸ்பீக்கருக்கும் ஆகாது, காதுக்கும் ஆகாது.

அடாப்டர் விஷயத்தில் அவசரம் கூடாது. நான் ஒரு பெடலைக் கொன்றது இங்கேதான். பழைய ரௌட்டரின் அடாப்டர் ஓட்டைக்குப் பொருந்தியது, சொருகினேன். ஒரு விநாடி விளக்கு பளிச்சென்று எரிந்தது, மெல்லிய கருகல் வாசம், அவ்வளவுதான். மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். வோல்ட்டேஜ்: பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி. 18 வரை தாங்கும் என்று பெடலில் எழுதியிருந்தாலொழிய மேலே போகாதீர்கள். துருவம்: கிட்டார் பெடல்களில் வழக்கம் சென்டர் நெகட்டிவ், அதாவது பின்னின் நடுப்பகுதி மைனஸ். வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களின் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேரெதிர். இரண்டிலும் அச்சிட்டிருக்கும் சின்ன வட்டப் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது கரண்ட்: அனலாக் டிஸ்டார்ஷன் பெடல் பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் அதைவிடக் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, குறைவாக இருக்கக் கூடாது. சில ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்கள் மட்டும் துருவத்தில் விதிவிலக்கு. அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே வயரில் கோக்காமல் தனிப் பேட்டரியில் ஓட்டுவது நல்லது.

பல பெடல்கள் இருந்தால் வரிசை முக்கியம். கிட்டார், டியூனர், வா-வா பெடல் (கால் அசைவில் 'வா வா' என்று பேசுவது), அதன்பின் டிஸ்டார்ஷன், பிறகு கோரஸ், டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்), கடைசியில் ஆம்ப். டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்தே பாருங்கள். எதிரொலிகளும் புதிதாக அடிக்கும் சுரமும் ஒன்றாகச் சேர்ந்து அரைபட்டு வரும். அது வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு. ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் மட்டும் கிட்டாருக்குப் பக்கத்திலேயே, முதல் ஆளாக இருக்க விரும்பும். அதற்கு முன்னால் பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டும் சர்க்யூட்) உள்ள பெடலை வைத்தால் கிட்டார் வால்யூமுக்குக் கட்டுப்படும் குணம் போய்விடும்.

நாப்களைத் திருப்புவது

பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிரைவ், கெய்ன், டிஸ்ட், சஸ்டெயின் என்று எது எழுதியிருந்தாலும் எவ்வளவு வெட்டுவது என்பதைக் குறிப்பது. லெவல் அல்லது வால்யூம், வெட்டிய பிறகு எவ்வளவு சத்தமாக வெளியே அனுப்புவது என்பது. டோன் அல்லது ஃபில்டர், ட்ரெபிளுக்கு. இனி வரிசையாக.

1. பெடலை அணைத்துவிட்டு ஆம்பை மட்டும் சரி செய்யுங்கள். கிளீன் சானல், பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் 12 மணி நிலையில் (கடிகார முள் போல, நாபின் கோடு நேர் மேலே). இந்த ஒலியே பிடிக்கவில்லையென்றால் பெடல் காப்பாற்றாது.

2. பெடலில் டிரைவ் 9 மணி, டோன் 12 மணி, லெவல் பூஜ்யம். மிதியுங்கள். வாசித்துக்கொண்டே லெவலை ஏற்றி, பெடல் எரியும்போதும் அணையும்போதும் சத்தம் ஒரே அளவாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஏன் இந்தச் சிரத்தை? சத்தம் கூடினாலே ஒலி நன்றாகிவிட்டதாகக் காது நம்பிவிடும். லெவல் சமமாக இருந்தால்தான் பெடல் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியும்.

3. இப்போது டிரைவ். நீங்கள் நிஜமாக வாசிக்கப் போகும் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு) வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். "ஆ, இதுதான்" என்று தோன்றும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள். டிரைவ் ஏறும்போது சத்தமும் ஏறும், லெவலை மறுபடி சமப்படுத்துங்கள். சரியான அளவா என்று பார்க்க ஒரு வழி: பிக் (மீட்டும் வில்லை) கம்பியில் படும் அந்த 'டக்' கேட்க வேண்டும். அது கரைந்து போயிருந்தால் டிரைவ் அதிகம். தனியாக வாசிக்கும்போது டிரைவ் போதவில்லை போலத்தான் இருக்கும். ரெக்கார்டிங்கில் மலை மாதிரி கேட்கும் கிட்டார்கள் பல, நினைப்பதைவிடக் குறைந்த டிரைவில் வாசித்து, இரண்டு மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தவை.

4. டோனைத் திருப்பும்முன் ஆம்பின் முன்னால் குத்தவைத்து உட்காருங்கள், அல்லது ஆம்பை நாற்காலிமேல் தூக்கி வையுங்கள். ட்ரெபிள் ஸ்பீக்கரிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும். ஆம்ப் கணுக்காலருகே இருக்க, நீங்கள் நின்றுகொண்டு கேட்டால் ட்ரெபிள் குறைவாகத் தெரியும். டோனை ஏற்றிவிடுவீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காதில் ஊசி குத்தும்.

5. கடைசியில் கிட்டாரின் வால்யூம் நாப். 10இல் லீட், 7இல் ரிதம், 4இல் ஏறக்குறைய கிளீன் என்று ஒரே பெடலை மூன்றாகப் பயன்படுத்தலாம். காலை விடச் சுண்டுவிரல் வேகமானது. வால்யூமை இறக்கும்போது சில கிட்டார்களில் ட்ரெபிளும் சேர்ந்து மங்கும், அது கிட்டாரின் வயரிங் சம்பந்தப்பட்டது, பெடலைத் திட்ட வேண்டாம்.

பிடித்த நிலை கிடைத்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். பைக்குள் போட்டு எடுத்தால் நாப்கள் இருந்த இடத்தில் இருக்காது.

டிரைவைக் குறை என்று இவ்வளவு சொன்னதற்கு எதிர்சாட்சியும் உண்டு. 1990 வாக்கில் ஸ்டாக்ஹோமின் டெத் மெட்டல் பேண்டுகள் பாஸ் எச்எம்-2 பெடலில் எல்லா நாபையும் கடைசி வரை திருப்பி வாசித்தார்கள். மரம் அறுக்கும் ரம்பம் போல ஒரு ஒலி, இன்றைக்கும் அந்தப் பாணிக்கு அதுவே அடையாளம். அவர்களுக்கு அதற்கேற்ற வலக்கை இருந்தது.

கைகளுக்கு வேலை

டிஸ்டார்ஷன் போட்டதும் புதியவர் அடிக்கும் முதல் கார்ட் பெரும்பாலும் முழு மேஜர் கார்ட். கேட்டால் சந்தைக்கடை. ச, ப இரண்டே சுரமுள்ள பவர் கார்ட் மட்டும் ஏன் சுத்தமாக ஒலிக்கிறது? இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

இரண்டு சுரம் ஒன்றாக வெட்டுப்படும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக முளைக்கும். ஐந்தாவது கம்பி, ஓப்பன் ஏ, 110 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமமான ஈ ஏறக்குறைய 165. கழித்தால் 55, அது ஏ-வேதான், ஒரு ஸ்தாயி கீழே. கூட்டினால் 275, அதுவும் 55இன் மடங்கு. முளைத்தவையெல்லாம் சொந்தக்காரர்கள். ச-வையும் ப-வையும் சேர்த்து மீட்டியவுடன் அடியில் இன்னொரு ச தானாக முழங்குகிறது. பவர் கார்டின் கனம் அங்கிருந்து வருகிறது.

இப்போது ஏ-வோடு மேஜர் கார்டின் மூன்றாம் சுரமான சி ஷார்பைச் சேருங்கள். கிட்டார் ஃப்ரெட்டில் அது 138.6 ஹெர்ட்ஸ். கழித்தால் 28.6. இரண்டு ஸ்தாயி கீழுள்ள ஏ 27.5 ஹெர்ட்ஸ். கிட்டே வந்துவிட்டு ஒட்டாமல் நிற்கிறது. இப்படி ஒட்டாதவை ஆறு கம்பியிலும் பெருகினால் கிடைப்பதுதான் அந்தச் சந்தைக்கடை. டிரைவைக் குறைத்தால் முளைப்பவை பலமிழந்து, முழு கார்டும் மறுபடி மரியாதையாக ஒலிக்கும். ஆகவே டிரைவ் ஏற ஏற கார்டில் சுரங்களைக் குறையுங்கள்.

அடுத்தது, வாசிக்காத கம்பிகளை வாயடைப்பது. வலக்கையின் விளிம்பைப் பிரிட்ஜ் ஓரத்தில் கம்பிகள்மேல் லேசாக வைத்து வாசிப்பது பாம் மியூட். முழுசாகக் கம்பிமேல் ஏறினால் சுரமே சாகும், பிரிட்ஜுக்கே போய்விட்டால் மியூட் ஆகாது. நடுவில் ஒரு சில மில்லிமீட்டர் இடம், அது எங்கே என்று கைதான் கண்டுபிடிக்க வேண்டும். இடக்கையின் ஆள்காட்டி விரல் நுனியால் மேலுள்ள தடித்த கம்பியைத் தொட்டும், அதே விரலின் சதைப்பகுதியால் கீழுள்ள மெல்லிய கம்பிகளைத் தடவினாற்போல் மூடியும் வைக்கப் பழகுங்கள். நான் செய்த பயிற்சி: ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஆறு கம்பியையும் சேர்த்து அடிப்பது. அந்த ஒரு சுரம் மட்டும் கேட்டால் பாஸ். முதல் வாரம் நான் ஒரு தடவைகூடப் பாஸாகவில்லை.

ரிஃபுக்கு நடுவில் வரும் மௌனத்தையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் இரண்டு கையும் கம்பிமேல் விழ வேண்டும். டிஸ்டார்ஷனில் கை எடுத்தால் நிற்காது, கை வைத்தால்தான் நிற்கும்.

இரைச்சல்

'ம்ம்ம்' என்ற ரீங்காரம் சிங்கிள் காயில் பிக்கப்பின் பிறவிக்குணம். வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸை அது பிடித்துத் தருகிறது. அடாப்டர், கம்ப்யூட்டர் இவற்றிலிருந்து தள்ளி நின்று, உடம்பை மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் அடங்கும். 'ஸ்ஸ்' என்ற சீறல் கெய்னோடு சேர்ந்து வருவது, டிரைவைக் குறைப்பதுதான் மருந்து. நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் வாயடைக்கும் கருவி) வைப்பதானால் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வையுங்கள். அந்த அளவை, அதாவது திரெஷோல்டை, ரொம்ப ஏற்றினால் சுரத்தின் வாலையும் கத்தரித்துவிடும்.

ஹெட்ஃபோனில் கேட்டால்

பெடலை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்ஃபோனில் கேட்டால், குளவிக் கூட்டைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். பெடல் மோசமில்லை. கிட்டார் ஸ்பீக்கர் என்பது 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பகுதியை விழுங்கிவிடும் முரட்டு ஸ்பீக்கர். வெட்டுப்பட்ட அலையின் கூர்முனைகளை அதுதான் இத்தனை நாளும் மழித்துக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடுகிறது. கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே ஒலியை மழிக்கும் கேபினெட் சிமுலேஷன் என்ற ஒன்று நடுவில் வேண்டும். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரின் ஒலிக்குணத்தை ஏற்றும் ஐஆர் லோடர் பிளக்இன் போட்டுச் செய்யலாம், அதற்கென்றே தனிப் பெடலும் உண்டு. சில ஆம்ப்களின் ஹெட்ஃபோன் ஜாக்கிலேயே அந்த வசதி இருக்கும்.

பேண்டோடு சேரும்போது

என் ரிகர்சல் கதைக்கு வருகிறேன். அடியில் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், உச்சியில் சிம்பல்கள். நான் ஏற்றி வைத்திருந்த பேஸையும் ட்ரெபிளையும் அவர்கள் இருவரும் மூடிவிட்டார்கள். கிட்டாருக்கென்று இருக்கும் இடம் மிட். அதை நானே காலி செய்து கொடுத்திருந்தேன். வீட்டில் அது ஏன் பிரமாதமாகக் கேட்டது? மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே எட்டும், அதை ஈடுகட்டத்தான் ஏற்றியிருந்தேன். ரிகர்சல் அறையின் சத்தத்தில் காதின் அந்தக் குறை மறைந்துவிட, ஏற்றியது உபரியாகிப்போனது.

அடுத்த வாரம் மிட்டை 12 மணிக்குச் சற்று மேலே கொண்டுவந்தேன், பேஸை 10 மணிக்கு இறக்கினேன், டிரைவைப் பாதியாக்கினேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி அசிங்கமாக இருந்தது. டிரம்ஸ் ஆரம்பித்ததும் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வால்யூமைக்கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இன்னொரு கிட்டாரிஸ்ட் உங்களோடு இருந்தால் இருவரும் ஒரே பெடலை ஒரே செட்டிங்கில் வைக்காதீர்கள். ஒருவர் டிரைவ் கூடுதல், மற்றவர் குறைவு என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பேரும் கேட்பார்கள். சோலோவுக்கு டிரைவைக் கூட்டுவது பயன்படாது, அது உங்களை இன்னும் பின்னால் தள்ளும். கூட்ட வேண்டியது லெவலை.

ரிகர்சல் முடிந்ததும், பேட்டரியில் ஓடும் பெடலாக இருந்தால், ஆம்பின் வால்யூமை இறக்கிவிட்டு இன்புட் பக்கக் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். அந்தப் பெடல்களில் இன்புட் ஜாக்தான் பவர் ஸ்விட்ச். விளக்கு அணைந்திருந்தாலும் அதில் கேபிள் இருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். அவுட்புட் பக்கக் கேபிள் அப்படியே கிடந்தால் பரவாயில்லை.